திருப்பிப் போட்ட நாற்காலி

நாற்காலியை யாரோ மறுபடியும் திருப்பிப் போட்டிருக்கிறார்கள். காலனி ஹாலின் மேடைக்குப் போகும் கதவின் இடுக்கு வழியாகப் பார்த்தபோது இன்னாசிமுத்துவுக்கு அது தெரிந்தது. மதியம் வந்ததுமே அவர் அதைப் பின்சுவரைப் பார்க்கும்படி போட்டுவிட்டுத்தான் இந்தப் பக்கத்து அறைக்குள் வந்து உட்கார்ந்தார். காப்பி குடித்துவிட்டு எட்டிப் பார்த்தால் அது கூட்டத்தைப் பார்த்து நின்றது. போய்த் திருப்பிவிட்டு வந்தார். இப்போது மறுபடி. ஒரு தடவை என்றால் பெருக்க வந்தவள் நகர்த்தியிருப்பாள் என்று விட்டுவிடலாம். இரண்டாம் தடவை என்றால் ஆள் வைத்துச் செய்கிற காரியம். நாற்காலிக்கு எதிரே இரண்டு காமிரா, மூன்று கால் வைத்து. ஒன்று முகத்துக்கு. இன்னொன்று தாழ, இடுப்பு உயரத்தில் இருக்கிறது, அது எதற்கு என்று அவருக்கா தெரியாது, அது கைக்கு. கையைப் பிடித்துக்கொண்டு போய்விட்டால் அப்புறம் ஆள் எதற்கு. ஐம்பது வருஷத்துக்கு மேலாக எவன் கண்ணிலும் படாமல் வைத்திருந்த கை. கல்யாண வீட்டில் வாசித்தாலும் சாவு வீட்டில் வாசித்தாலும் சுவரைப் பார்த்து உட்கார்ந்து முதுகைக் காட்டித்தான் வாசித்திருக்கிறார், முதுகுக்கார இன்னாசி என்றே பொன்மலை ரயில்வே காலனியில் பெயர். அந்த முதுகை இன்றைக்கு ஒரு நாற்காலியை வைத்துத் திருப்பிவிடலாம் என்று பார்க்கிறாள் யுவோன். ஒரு காலத்துச் சிநேகிதன் கிளாரன்ஸின் மகள். அப்பன் பாதியில் விட்டுப்போன வேலையை முடிக்க ஆஸ்திரேலியாவில் பெர்த்திலிருந்து விமானம் ஏறி வந்திருக்கிறாள். பந்தல் வாசலில் பெரிய எழுத்தில் எழுதி மாட்டியிருக்கிறார்கள், பொன்மலை ப்ளூஸ் என்று. தான் கட்டிய அந்த ஒரு பாட்டுக்கு அவர் பெயர் வைத்ததே இல்லை. பிறத்தியான் வீட்டுக் கன்றுக்குட்டிக்கு யாராவது சும்மா பெயர் வைப்பார்களா? நாளைக்கு அவிழ்த்துக்கொண்டு போகிறவன்தான் வைப்பான்.

அறையில் சுருட்டிப்போட்ட பாட்மிண்டன் வலை, கால் உடைந்த கேரம் போர்டு, மழைக்கு ஊறிய துணி நாற்றம். மின்விசிறி ஒவ்வொரு சுற்றுக்கும் ஒரு இடத்தில் டக் என்கிறது. மடியில் கித்தார், உறையோடு. தந்திகளைத் தளர்த்தித்தான் உள்ளே வைத்திருக்கிறார். வாசித்து முடித்ததும் ஆறு தந்தியையும் தளர்த்திவிட்டுத்தான் கீழே வைப்பார், அடுத்தவன் எடுத்து மீட்டினால் கட்டில் கயிறு மாதிரி சத்தம் வரும், எந்த சுருதியில் வைத்திருந்தார் என்று ஒருத்தனும் கண்டுபிடிக்க முடியாது. காலையில் ஒலிபெருக்கிக்காரன் வந்து ஒரு சின்னப் பெட்டியை நீட்டி, தாத்தா இதில் பார்த்து சுருதி சேர்த்துக்கொள்ளுங்கள் என்றான். பெட்டியில் பார்த்துச் சேர்க்கிற சுருதியா அது. ஒர்க்‌ஷாப் சங்கு ஊதுமே, கலாசியாக, பளு தூக்கும் ஆளாக, அவர் வேலைக்குச் சேர்ந்த காலத்தில் ஊர் முழுக்கக் கேட்கும், அந்தச் சங்கு ஏறி நின்று நிலைக்கிற இடம்தான் அவருடைய தடித்த தந்தி. வேறு என்ன வழி இருந்தது. ஆஸ்திரேலியாவுக்குக் கப்பலேறிய ஒரு சட்டைக்காரக் குடும்பம், ஆங்கிலோ இந்தியர்கள், நாயையும் கித்தாரையும் கிளாரன்ஸ் வீட்டில் விட்டுவிட்டுப் போனது. நாயை கிளாரன்ஸ் வைத்துக்கொண்டான், கித்தாரை இவரிடம் தள்ளினான். கற்றுக்கொடுக்க ஆள் இல்லை. கிளாரன்ஸுக்கே நாலு பிடிதான் தெரியும், கிறிஸ்மஸுக்குப் போதும் என்பான். ஒரு நாள் சாயங்காலம் தன் வீட்டில் ஒரு பழைய இசைத்தட்டை வைத்தான். அமெரிக்காவில் பருத்திக்காட்டில் வேலை செய்த யாரோ ஒரு கறுப்பு ஆள், கித்தாரை அழவிட்டு, கூடவே தானும் முனகினான். ப்ளூஸ் மேன், இதுக்குப் பேர் ப்ளூஸ் என்றான் கிளாரன்ஸ். இன்னாசிமுத்துவுக்கு ஒரு வார்த்தைகூடப் புரியவில்லை, ஆனால் உட்கார்ந்திருந்த முக்காலியிலிருந்து எழ முடியவில்லை. லால்குடிப் பக்கம் வயலில் களை எடுக்கும்போது அம்மா ஒரு சுரத்தை எடுத்து, அதில் நிற்காமல், அதற்குக் கீழே சரிந்து, அடுத்ததற்கும் போகாமல் நடுவிலேயே தொங்கவிடுவாள். அந்தத் தொங்கலை இந்த ஆள் எங்கிருந்து எடுத்தான்? அன்றைக்கும் முதலில் சந்தேகம்தான் வந்தது. எவனோ வரப்பில் நின்று அம்மாவைக் கேட்டுவிட்டுப் போய்ச் சொல்லியிருக்கிறான் என்று ஒரு கணம் நிஜமாகவே நினைத்தார். அப்புறம் சிரிப்பு வந்தது. அப்புறம் ராத்திரி முழுக்க அந்தத் தொங்கலைத் தந்தியில் தேடினார். தேடித் தேடி, அம்மாவின் தெம்மாங்கை அந்த ஆளின் அழுகையோடு கட்டி, சங்கு சுருதியில் நிறுத்தி, ஒரு பாட்டு வந்தது. அது ஒன்றுதான் அவர் செய்தது. மற்றதெல்லாம் அங்கே இங்கே கேட்டது. இந்த ஒன்று அவருடையது.

விரல் மட்டும் சொன்னபடி கேட்டிருந்தால். இடது கை மோதிர விரல் குச்சி மாதிரி நீட்டிக்கொண்டே இருக்கிறது, அன்றிலிருந்து இன்றுவரை. கிளாரன்ஸின் தங்கை கல்யாணத்தில் கோலி சோடா உடைத்தபோது பாட்டில் கையிலேயே வெடித்தது. தையல் போட்ட டாக்டர் நரம்பு போயிற்று என்றார். பாட்டிலை எடுத்து நீட்டியவன் கிளாரன்ஸ். நீட்டுவதற்கு முன்னால் அதைக் குலுக்கினானா? குலுக்கின மாதிரியும் இருக்கிறது, இல்லாத மாதிரியும் இருக்கிறது. எத்தனை முறை நினைத்துப் பார்த்தாலும் அந்தக் கை ஒரு தடவை குலுங்குகிறது, ஒரு தடவை சும்மா வருகிறது. சிரித்துக்கொண்டே நீட்டினான், அது நிச்சயம். கல்யாண வீட்டில் எவன்தான் சிரிக்காமல் இருப்பான் என்றாள் ரெஜினா, அவர் மனைவி, அவளும் போய்ச் சேர்ந்து வருஷங்களாகிவிட்டன. விரல் போன பிறகு பாட்டின் நாலாவது அடியில் ஒரு இடம் எட்டவில்லை. மோதிர விரல் வைக்க வேண்டிய இடத்துக்குச் சுண்டு விரலைச் சுற்றிக்கொண்டு வர வேண்டும். வருவதற்குள் அரை மூச்சு தாமதமாகிவிடும். பாட்டு அந்த இடத்தில் நொண்டும். வாசித்த ஒவ்வொரு தடவையும் நொண்டியது, ஒவ்வொரு தடவையும் காதோரம் சூடாயிற்று. திருடிவிடுவார்கள் என்றுதான் சுவரைப் பார்த்து உட்காருகிறேன் என்று எல்லாரிடமும் சொன்னார், தன்னிடமும் அப்படித்தான் சொல்லிக்கொண்டார். அந்தக் குச்சி விரல் மற்றவர்கள் கண்ணில் படக்கூடாது என்பதைச் சொல்லிக்கொண்டதில்லை. வீட்டில்கூட அப்படித்தான். ஜன்னல் பக்கம் தெரு, வாசல் பக்கம் ஆள் நடமாட்டம், சமையலறைப் பக்கம் ரெஜினா. மிச்சம் இருந்தது பக்கத்து வீட்டுச் சுவர். இரட்டைக் குவார்ட்டர்ஸ், ஒரே கூரையில் இரண்டு வீடு, நடுவில் ஒற்றைச் செங்கல் சுவர். அதன்மேல் முழங்கால் இடிக்கிற அளவுக்கு முக்காலியை நெருக்கிப் போட்டு வாசிப்பார். சுவத்துக்கு வாசிக்கிறதுக்கு என்னைக் கட்டியிருக்கவே வேண்டாமே, ஒரு சுண்ணாம்பு வாளியைக் கட்டியிருக்கலாம் என்பாள் ரெஜினா. அந்தச் சுவருக்கு அந்தப் பக்கம் ஃபிட்டர் சந்தானகிருஷ்ணன் குடும்பம். நல்ல மனிதர் இல்லை. கித்தார் சத்தம் பிடிக்காமல் பெண்ணை ஏவிவிட்டிருந்தார். இவர் வாசித்து நிறுத்தியதும் அந்தப் பக்கம் டிங் டிங் என்று ஒரு புல்புல்தாரா ஆரம்பிக்கும், தட்டெழுத்து இயந்திரம் மாதிரி கட்டைகள் வைத்த வாத்தியம், பொருட்காட்சியில் வாங்கியிருப்பார்கள். வாத்தியமா அது, தகரம். பாட்டா என்று நின்று கேட்டதில்லை. விரல் முட்டியால் சுவரைத் தட்டுவார். நிற்கும். கொஞ்ச நேரத்தில் மறுபடி முதலிலிருந்து ஆரம்பிக்கும். மறுபடி தட்டுவார். திமிர் பிடித்த குடும்பம். சட்டையை மாட்டிக்கொண்டு வெளியே போய்விடுவார்.

மேடையில் யாரோ பேசுகிறார்கள், கைதட்டல் கேட்கிறது. இவரை எப்போது கூப்பிடுவார்கள்? கடைசியில் என்றாள் யுவோன். கடைசியில் வைப்பது எதற்கு, களைத்துப்போய் எதிர்ப்பு இல்லாமல் உட்காரட்டும் என்றுதான். அறைக்குப் பின்கதவு ஒன்று இருக்கிறது, தாழ்ப்பாள் துருப்பிடித்தது, வந்ததுமே திறந்து பார்த்து வைத்துக்கொண்டார். அதைத் தாண்டினால் பாட்மிண்டன் மைதானம், அதைத் தாண்டினால் சின்ன கேட், ஆட்டோ ஸ்டாண்ட். போய்விடலாம். போய்விட்டால் பாட்டு அவரோடு இருக்கும். அவரோடேயே போகும், அதுவும் சரிதான், போகட்டும். காரில் வரும்போது யுவோன் ஒன்று சொன்னாள். அதைத் திரும்பத் திரும்ப எடுத்துப் பார்க்கிறார், செல்லாத காசு என்று தெரிந்தும் கல்லில் தட்டிப் பார்க்கிற மாதிரி. "அங்கிள், டாடி அந்தப் பாட்ட ஒரு நாள் கூட வாசிச்சதில்ல. மம்மி கெஞ்சுவாங்க. அது இன்னாசி வீட்டுப் பாட்டு, நான் தொடமாட்டேன்னுடுவாரு. அப்புறம் வீட்டுல யாருக்கும் சாப்பாடு இறங்காது." சொல்லிவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். நன்றாகத்தான் சொன்னாள். தூண்டிலில் வைக்கிற புழுவும் உயிருள்ளதாகத்தான் இருக்கும். தொடாதவன் என்றால் பால்காரன் வாயில் அந்தப் பாட்டு எப்படி வந்தது? இதற்கு அவள் பதில் சொல்லட்டும். ஒரு நாள் விடியற்காலையில் பால்காரன் சைக்கிளை மிதித்துக்கொண்டே விசில் அடித்துப் போனான், இவருடைய பாட்டை, முதல் இரண்டு அடியை. கையில் பல்பொடியோடு வாசலில் நின்றவர் அப்படியே நின்றார். கல்யாண வீட்டிலும் சாவு வீட்டிலும் வாசித்ததெல்லாம் வேறு பாட்டு, இதைக் கேட்டது ரெஜினாவும் கிளாரன்ஸும்தான், வேறு ஆள் கிடையாது. ரெஜினாவுக்கு விசில் வராது. அன்று சாயங்காலம் இதே ஹாலில், பில்லியர்ட்ஸ் மேசைக்குப் பக்கத்தில், பத்துப் பேர் நடுவில் வைத்து, திருட்டுப் பயலே என்றார் கிளாரன்ஸை. சோடா பாட்டிலையும் சேர்த்துச் சொன்னார். கிளாரன்ஸ் கையிலிருந்த டம்ளரைக் கீழே வைத்தான். "உன் பாட்ட நீயே வெச்சுக்கோ மேன்," என்றான். அவ்வளவுதான். குற்றமில்லாதவன் சண்டை போட மாட்டானா, நான் இல்லை என்று அடித்துச் சொல்ல மாட்டானா? டம்ளரைக் கீழே வைப்பானா? அதுதான் அத்தாட்சி என்று அப்போது தோன்றியது. அடுத்த வருஷம் குடும்பத்தோடு ரயிலேறினான். இவர் ஸ்டேஷனுக்குப் போகவில்லை என்றுதான் ஊரில் பேச்சு. போனார். பார்சல் ஆபீசுக்குப் பின்னால் நின்றார். அந்த நாயை யாரிடம் விட்டுவிட்டுப் போகிறான் என்று பார்க்கத்தான் போனார். நாய் ஒரு போர்ட்டரிடம் நின்றது. வண்டி நகர்ந்தபோது கிளாரன்ஸ் கதவில் நின்று பிளாட்பாரம் முழுக்க யாரையோ தேடினான். நாயைத்தான் தேடியிருப்பான்.

ஒலிபெருக்கியில் யுவோனின் குரல் வந்தது, இழுத்து இழுத்துத் தமிழில். அடுத்ததாக அரக்கோணத்திலிருந்து கோமளா அம்மா வந்திருக்கிறார்கள், பேப்பரில் விளம்பரம் பார்த்துவிட்டுத் தாங்களாகவே தேடி வந்தவர்கள், ஒரு பாட்டு வாசிப்பார்கள் என்றாள். கோமளா என்று யாரையும் இன்னாசிமுத்துவுக்குத் தெரியாது. இதுதான் சமயம். எல்லார் பார்வையும் மேடையில் இருக்கும். எழுந்தார், கேரம் போர்டைப் பிடித்துக்கொண்டு நிமிர்ந்து, கித்தாரைத் தோளில் மாட்டினார். பின்கதவுத் தாழ்ப்பாளில் கை வைத்தபோது அறையின் சுவர் வழியாக டிங் என்றது. கை நின்றது. அதே தகரம். வயசாகியும் அது திருந்தவில்லை. டிங் டிங் என்று சுருதி பார்த்தது, பிறகு ஆரம்பித்தது, அவருடைய பாட்டை. முதல் அடி. இரண்டாவது அடி. பால்காரன் வாயில் வந்த இரண்டு அடி மட்டும் இல்லை, மூன்றாவதும் வந்தது. எடுத்துவிட்டார்கள், காமிராவே தேவையில்லை, ஏற்கெனவே எடுத்தாயிற்று, இனி இவர் உட்காருவது ஒப்புக்கு. நாலாவது அடி வந்தது. அந்த இடம் வந்தது. புல்புல்தாரா அங்கே நின்றது. அரை மூச்சு. பிறகுதான் அந்தச் சுரத்தைத் தொட்டது. நொண்டியது, அவர் நொண்டுகிற மாதிரியே. ஓ, கேலியா. நொண்டிக்கு முன்னால் நொண்டி நடந்து காட்டுகிற தெருப்பிள்ளைகளின் கேலி. ஊரைக் கூட்டி, பந்தல் போட்டு, அவர் விரலைப் பற்றி ஒரு வேடிக்கை காட்டுகிறாள் கிளாரன்ஸ் மகள். கூட்டம் இப்போது சிரிக்கும். காது கொடுத்துக் காத்திருந்தார். கூட்டம் சிரிக்கவில்லை. இருமல்கூட இல்லை. பாட்டு மறுபடி சுற்றி வந்து, மறுபடி அதே இடத்தில் நின்று, அரை மூச்சு கழித்துத் தொட்டது. அதில் கேலி இல்லை. கோவிலில் பூசாரி தீபத்தை ஒரு இடத்தில் நிறுத்திக் காட்டுவதைப் போல, அந்த இடத்தில் நிற்கத்தான் வேண்டும் என்று தெரிந்து நின்றது.

தாழ்ப்பாளை விட்டுவிட்டு அவர் யோசித்தார். யோசனை ஒரு இடத்தில் முட்டி முட்டித் திரும்பியது. புல்புல்தாரா கட்டை வாத்தியம். ஒரு விரலால்கூட அமுக்கலாம். அதில் எட்டாத இடம் என்று ஒன்று கிடையாது. அந்தச் சுரத்துக்கு அங்கே மோதிர விரல் எதற்கு, சுண்டு விரல் எதற்கு? தாமதிக்க ஒரு காரணமும் இல்லாத வாத்தியம் ஏன் தாமதிக்கிறது? அவர் கையைப் பார்த்தவர்களுக்குத் தெரியும் அது விரலின் குறை என்று. கிளாரன்ஸுக்குத் தெரியும். அவன் யாருக்காவது காட்டியிருந்தால் நேராகத்தான் காட்டியிருப்பான், அவனுக்கு விரல் நன்றாக இருந்ததே, நொண்டலை விட்டுவிட்டுத்தான் வாசித்திருப்பான். பார்க்காமல் கேட்டவர்களுக்கு மட்டும்தான் அதுவும் பாட்டு. பார்க்காமல், தினமும், பக்கத்தில் இருந்து. அவருக்குச் சுண்ணாம்பு வாசனை வந்தது. முழங்காலில் செங்கல் சுவரின் குளிர்ச்சி வந்தது. எவர் காதுக்கும் எட்டக்கூடாது என்று முக்காலியை இழுத்து இழுத்துப் போட்டாரே, இன்னும் கொஞ்சம் நெருக்கி, இன்னும் கொஞ்சம் நெருக்கி. பாட்டு முடிந்தது. கைதட்டல் அடங்கியதும் அந்தப் பெண்மணி பேசினாள். வயசான குரல், மூச்சு வாங்கியது. அப்பா ஃபிட்டர் சந்தானகிருஷ்ணன் என்றாள். பாட்டுக் கற்றுக்கொள்ள அனுப்பமாட்டார், பெண் பிள்ளைக்கு எதற்கு என்பார், பொருட்காட்சியில் இதை மட்டும் வாங்கித் தந்தார் என்றாள். சுவரில் காதை வைத்தால் தலைக்குள்ளேயே வாசிக்கிற மாதிரி கேட்கும் என்றாள். ரேஷன் கடை வரிசையிலும் குழாயடியிலும் முணுமுணுத்துக்கொண்டே நிற்பேன், எங்கள் பால்காரன்கூட என்னிடமிருந்து இரண்டு அடி பிடித்துக்கொண்டு காலனி முழுக்க விசில் அடித்துக்கொண்டு திரிந்தான் என்றதும் கூட்டம் சிரித்தது. இன்னாசிமுத்து சிரிக்கவில்லை. டம்ளரைக் கீழே வைத்த கை கண்ணுக்குள் வந்தது. அது மெதுவாக வைத்தது. சத்தம் வராமல் வைத்தது. அதற்குப் பின்னால் சோடா பாட்டிலை நீட்டிய கை வந்தது. எத்தனையோ வருஷத்தில் முதல் தடவையாக அது குலுங்காமல், நேராக, சும்மா வந்தது. பார்சல் ஆபீசுக்குப் பின்னாலிருந்து ஒரு அடி வெளியே வந்திருந்தால் போதும். நாயைத் தேடவில்லை அவன்.

அந்தப் பெண்மணி இன்னும் பேசிக்கொண்டிருந்தாள். "அவர் மூஞ்சிய நான் சரியாப் பாத்ததுகூட இல்லைங்க. ஆனா நான் தப்பா வாசிச்சா சுவத்துல தட்டுவாரு. உடனே நிறுத்திட்டு, முதல்லேருந்து வாசிப்பேன். தட்டாம விட்ட அன்னைக்குத்தான் பாஸாயிட்டேன்னு தெரிஞ்சுக்கிட்டேன்." தட்டாமல் விட்ட அன்றைக்கு அவர் வீட்டிலேயே இருந்திருக்க மாட்டார், சட்டையை மாட்டிக்கொண்டு போயிருப்பார். அதை இப்போது யாரிடம் சொல்வது. தோளிலிருந்து கித்தாரை இறக்கினார். உறையை அவிழ்த்தார். உடைந்த கேரம் போர்டுக்குப் பின்னால் ஒரு முக்காலி கிடந்தது, தூசி தட்டாமலே எடுத்து, மேடைக்கும் இந்த அறைக்கும் நடுவே இருந்த சுவரோடு ஒட்டிப் போட்டார். முழங்கால் இடித்தது. காது சங்கைத் தேடியது. தேட வேண்டியிருக்கவில்லை, அவள் முடித்த சுரம் அந்த உயரத்திலேயே இன்னும் அறைக்குள் நின்றது. பொன்மலையை விட்டுப் போய் எத்தனையோ காலம் ஆகியும் அவள் அந்தத் தகரத்தை ஒர்க்‌ஷாப் சங்கிலேயே வைத்திருக்கிறாள். தடித்த தந்தியை முறுக்கி அங்கே கொண்டுவந்து நிறுத்தினார், பிறகு மற்ற ஐந்தையும் அதற்குச் சேர்த்தார். வெளியே யுவோன் அவர் பெயரைச் சொல்ல ஆரம்பித்திருந்தாள், இன்னாசிமுத்து அங்கிள் என்று, கூட்டம் எழுந்து நிற்கிற சத்தம் கேட்டது, மேடைக் கதவு திறக்கக் காத்திருப்பார்கள், நாற்காலி காலியாகக் கூட்டத்தைப் பார்த்துக்கொண்டிருக்கும். மடங்காத விரல் நீட்டிக்கொண்டிருக்க, மற்ற விரல்களின் முட்டியால் அவர் சுவரைத் தட்டினார். பழையபடி, கோபக்காரன் தட்டுகிற மாதிரியே. அப்படித்தான் அவருக்குத் தட்டத் தெரியும். மேடையில் பேச்சு நின்றது. யாரோ என்ன சத்தம் என்று கேட்டார்கள். சுவருக்கு அந்தப் பக்கம் டிங் என்றது. முதல் அடியிலிருந்து, மெதுவாக, தப்புச் செய்துவிட்ட சிறுமியைப் போல, அவள் மறுபடி ஆரம்பித்தாள். இவர் இரண்டாவது அடியில் சேர்ந்துகொண்டார். மூன்றாவது அடிக்குள் கூட்டம் உட்கார்ந்துவிட்டிருந்தது, எப்போது என்றே தெரியவில்லை. நாலாவது அடியில் அந்த இடம் வந்தது. சுண்டு விரல் சுற்றிக்கொண்டு கிளம்பியது. அது வந்து சேரும்வரை அந்தப் பக்கம் புல்புல்தாராவும் நின்றது.